நம்பர் சரியாக வந்தால் நாணயம் ஒரிஜினல் ஆகிவிடாது

மறுபடியும் ஒரு 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ் தலை, நாணயத்தை உள்ளே வைத்துச் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி (ஸ்லாப்), மேலே பெயர்பெற்ற தரச்சான்று நிறுவனத்தின் லேபிள், அதில் அந்த நாணயத்துக்கான சான்று நம்பர். விற்றுத் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். நாணயமும் போலி, ஸ்லாப்பும் போலி. சொன்னதும் அவர் கேட்டது, இந்தத் தொழிலில் நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அதே கேள்வி: "நம்பர் போட்டுப் பார்த்தேனே சார், சரியாத்தானே வருது?"

லேபிளில் உள்ள நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் நாணயத்தின் விவரம் வரும், அதைத்தான் சொல்கிறார். வரும். வராமல் எங்கே போகும்? போலி செய்பவன் நம்பரைத் தானாக யோசித்துப் போடுவதில்லை. யாரோ ஒருவருடைய அசல் நாணயத்தின் நம்பரை ஏலப் படத்திலிருந்து அப்படியே எடுக்கிறான். வருடம், கிரேடு (தர மதிப்பெண்) எல்லாம் அதற்குப் பொருந்தும்படி லேபிள் அடிக்கிறான். திருட்டு பைக்குக்கு, அதே மாடல் அதே கலர் வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டுவது மாதிரிதான் இது. ஆர்டிஓ பதிவில் தேடினால் எல்லாம் சரியாகவே இருக்கும். அந்த நம்பரில் ஓர் அசல் நாணயம் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியவரும். உங்கள் கையில் இருப்பது அதுதானா என்பது தெரியாது. பார்கோடை ஸ்கேன் செய்தேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். அதற்குள் இருப்பதும் அந்த நம்பர்தான்.

நம்பரைத் தட்டிய பிறகு அங்கே வரும் படத்தைப் பாருங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்கள் இரண்டுமே பல நாணயங்களுக்குப் படம் வைத்திருக்கின்றன. ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்களுக்குக்கூடக் கீறலும் நிறமேற்றமும் ஒன்றாக இருக்காது. இவர் கொண்டுவந்ததற்குப் படம் இருந்தது. படத்தில் அரசரின் தாடைக்குக் கீழே சாய்வாக ஒரு மெல்லிய கீறல். கையிலிருந்த நாணயத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. லென்ஸ் வைத்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, இடையிடையே ஊசி குத்தியது போலப் பொடிக் குழிகள். அச்சில் அடிக்காமல், உருக்கி அச்சுக்குழியில் ஊற்றிய வார்ப்பு நாணயம். கீறலைத் தேட ஒரு நிமிடம் போதும், ஆனால் அவர் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை.

ஸ்லாப் இல்லாத ரூபாய் என்றால் தராசில் வைத்து 11.66 கிராம் வருகிறதா என்று பார்க்கலாம், விளிம்பைத் தடவிப் பார்க்கலாம். 1939 என்று விற்பதற்காக 1938இன் 8ஐச் செதுக்கி 9 ஆக்கியிருந்தால், சாய்த்துப் பார்த்து அதையும் கண்டுபிடித்துவிடலாம். ஸ்லாப்புக்குள் போனதும் எடையும் போட முடியாது, பெரும்பாலும் விளிம்பும் மறைந்துவிடும். போலிக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

அசல் ஸ்லாப்பைப் பிளந்து நாணயத்தை மாற்றுகிறவர்களும் உண்டு. ஓரச் சேர்க்கையில் வெள்ளைப் பூப்பு, பசைத் தடம், நெம்பிய வடு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிசிஜிஎஸ் இப்போது ஹோல்டருக்குள், அதாவது ஸ்லாப்புக்குள், போனை அருகில் காட்டினால் படிக்கக்கூடிய என்எஃப்சி சிப் வைக்கிறது, அதையும் பார்க்கலாம். நல்ல வசதிதான், ஆனால் பழைய ஹோல்டர்களில் அது கிடையாது. பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் லேபிளில், புழக்கத்துக்கு அடித்த பழைய ரூபாய்க்கு 70க்கு 70 என்று முழு கிரேடு போட்டிருந்தால் விலைகூடக் கேட்காதீர்கள்.

பில் தராதவரிடம் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கு வேறொருவர் எடுத்துடுவார்" என்றால் எடுக்கட்டும், விடுங்கள். நிறுவனத்தின் உத்தரவாதம் அவர்களுடைய அசல் ஸ்லாப்புக்கு மட்டும்தான்; போலி ஸ்லாப்புக்கு அவர்கள் ஏன் பணம் தர வேண்டும்?

சேகரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்லாப்பை வாட்ஸ்அப் குழுவில் போடும்போது நம்பரையும் பார்கோடையும் மறைத்துவிடுங்கள். வாங்க வருபவருக்குத் தனியாகக் காட்டினால் போதும்.

போலி என்று தெரிந்துவிட்டால் ஸ்லாப்பை உடைக்காதீர்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். இருபுறமும் படமெடுத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள், பில்லோடு விற்றவரிடம் போங்கள். பணம் திரும்ப வராவிட்டாலும், தயவுசெய்து அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். என்னிடம் வரும் போலிகளில் பாதி அப்படிக் கைமாறி வந்தவைதான்.