மின் சரக்கு வேன் வாங்கும் நிறுவனங்கள் வெப்பத்தைப் பற்றி ஏன் முதலில் கேட்க வேண்டும்

சரக்கு விநியோகத்துக்கு மின்வண்டி வாங்க முனையும் நிறுவனங்களில், கணக்குப் பிரிவினரானாலும் கிடங்கு மேலாளரானாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? நியாயமான கேள்வி, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வணிக வண்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருந்து நான் கண்டவரை, வாங்கிச் சில ஆண்டுகள் கழித்தும் ஒரு மின்வேன் தன் வேலையைக் குறையின்றிச் செய்கிறதா என்பதை அந்த எண்ணை விட, அதன் பேட்டரி எத்தகைய வெப்பத்தில் காலம் கழித்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் இந்த வண்டிகளில் நிகழ்ந்திருக்கும் தொழில்நுட்ப முன்னேற்றத்தில் பெரும்பகுதி வெப்பத்தைச் சமாளிப்பதில் நிகழ்ந்த முன்னேற்றம்தான். சென்னை, வேலூர், மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் வண்டி ஓட்டுபவர்கள் இதை அறிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது 'குட்டி யானை' என்ற பெயரோடு அது நம் ஊர்ச் சந்துகளுக்குள் எப்படிப் பரவியது என்பது எல்லோரும் அறிந்ததே. அதன் மின் வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானது, 21.3 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியும், 154 கிலோமீட்டர் என்ற சான்றளிக்கப்பட்ட ஓட்ட தூரமும் அதற்கு உண்டு. ஒரு டன் ஏற்றும் வடிவம் 2024-இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மஹிந்திரா தனது ஜியோ என்னும் நான்கு சக்கர மின் சரக்கு வண்டியை வெளியிட்டது. அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச் மொபிலிட்டியும் இந்தப் பிரிவில் வண்டிகளைத் தருகிறது. அதற்கு முன் மின்சாரத்தில் சரக்கு ஏற்றுவதென்றால் பெரும்பாலும் மூன்று சக்கர வண்டிதான். இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது பேட்டரி விலையின் வீழ்ச்சி. புளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கெடுப்பின்படி, 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேலிருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2024-இல் 115 டாலராக இறங்கியிருந்தது.

விலை இறங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த பேட்டரிகளோடு ஒப்பிட்டால், இதில் அதே எடைக்குக் குறைந்த மின்சாரமே சேரும். ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய காருக்கு அது குறைதான். காலையில் கிடங்கிலிருந்து கிளம்பி, நாற்பது கடைகளில் இறக்கி, மாலையில் அதே கிடங்குக்குத் திரும்பும் வேனுக்கு அது பெரிய குறையாகாது. பதிலுக்குக் கிடைப்பவை இரண்டு: ஈராயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாக்குப்பிடிக்கும் ஆயுள், தீவிபத்துக்கு எதிரான கூடுதல் பாதுகாப்பு. பாஸ்பேட்டோடு ஆக்சிஜன் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதால், பேட்டரிக்குள் அடுக்கப்பட்டிருக்கும் செல்களில் ஒன்று பழுதாகிச் சூடேறினாலும் நெருப்புக்குத் தீனியாகும் ஆக்சிஜன் எளிதில் வெளிப்படுவதில்லை.

ஆனால், 'இது தீப்பிடிக்காத பேட்டரி, எவ்வளவு வெயிலிலும் நிறுத்தலாம்' என்று விற்பனையாளர் சொன்னதாகப் பலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். அந்தக் கூற்றின் இரண்டு பகுதிகளுமே சரியில்லை. எல்எஃப்பி பேட்டரியும் தீப்பற்றக் கூடியதே. அதன் வாய்ப்புதான் குறைவு. மேலும், எளிதில் தீப்பற்றாமை வேறு, வெப்பத்தால் மூப்படையாமை வேறு. செல்லுக்குள் நடக்கும் தேவையற்ற வேதிவினைகள், வெப்பநிலை ஏறக்குறைய பத்து டிகிரி உயரும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு வேகம் பெறும் என்பது பேட்டரிப் பொறியியலில் பரவலாகக் கையாளப்படும் தோராய விதி. வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இந்த மூப்பு நடக்கும். பேட்டரி நிரம்பியிருக்கும் நிலையில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே கத்திரி வெயிலில், தகரக் கூரை கூட இல்லாத திறந்த வெளியில், நூறு விழுக்காடு சார்ஜோடு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிற்கும் வேன், ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமலேயே தன் ஆயுளில் ஒரு பகுதியை இழக்கிறது. எரிபொருள் வண்டியில் இதற்கு ஈடான இழப்பு கிடையாது என்பதால், நெடுங்காலம் டீசல் வண்டிகளோடு பழகியவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை.

இங்கேதான் குளிர்விப்பு அமைப்பின் முக்கியத்துவம் வருகிறது. தொடக்ககால மின் சரக்கு வண்டிகள் பலவற்றில் பேட்டரிப் பெட்டியைச் சுற்றி ஓடும் காற்றைத் தவிர வேறு குளிர்விப்பு எதுவும் இருக்கவில்லை. இப்போது செல்களுக்கு அடியிலோ இடையிலோ தட்டுகள் அமைத்து, அவற்றுக்குள் குளிர்விப்புத் திரவத்தை ஓடவிடும் முறை சிறிய வண்டிகளிலும் வரத் தொடங்கிவிட்டது; மூன்று சக்கர வண்டியிலேயே இதைக் கொண்டுவந்த நிறுவனங்களும் உண்டு. வெப்பநிலையைக் குறைப்பதோடு, எல்லாச் செல்களையும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பதும் இதன் பயன். தொடராக இணைக்கப்பட்ட செல்களில் மிக நலிந்த ஒன்றே முழுத் தொகுப்பின் எல்லையை வகுப்பதால், நடுவிலுள்ள செல்கள் மட்டும் அதிகமாகச் சூடேறி முன்கூட்டியே மூப்படைந்தால், மற்றவை நல்ல நிலையில் இருந்தும் பயனில்லாமல் போகும். இரண்டு வண்டிகளின் விலைப்பட்டியலை ஒப்பிடும்போது, திரவக் குளிர்விப்பு உண்டா, சார்ஜ் ஏறும்போதும் அது இயங்குமா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், எழுத்தில் கேளுங்கள்.

வெப்பத்தோடு தொடர்புடைய இன்னொரு முன்னேற்றம் மின்னழுத்தம். 72 வோல்ட் அமைப்பில் 30 கிலோவாட் திறனை மோட்டாருக்குத் தர நானூறு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை. 300 வோல்ட் அமைப்பில் நூறு ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒரே தடையுள்ள கம்பியில் முதல் அமைப்பு இரண்டாவதைவிடப் பதினேழு மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். நடைமுறையில் தடித்த கம்பி போட்டு இதைக் குறைப்பார்கள். அப்போது எடையும் விலையும் கூடும், இணைப்பு முனைகளோ வெப்பத்தால் தளர்ந்துகொண்டே இருக்கும். 300 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புகள் சிறு சரக்கு வண்டிக்கும் வந்திருப்பதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன். அதே வேளையில், அத்தகைய வண்டியை வழக்கமான எலக்ட்ரீஷியன் திறந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. உயர் மின்னழுத்தத்தைக் கொண்ட ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடும் தகுதி உங்கள் பணிமனையில் யாருக்கு இருக்கிறது என்பது வாங்குவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஓட்ட தூரத்துக்கு வருகிறேன். சான்றளிக்கப்பட்ட எண் என்பது உருளைகளின் மேல், வகுக்கப்பட்ட வேகச் சுழற்சியில் வண்டியை ஓட்டி அளந்தது. நிறைந்த பாரம், பாலங்கள், நெரிசல், சில ஆண்டுகளில் குறையும் பேட்டரிக் கொள்ளளவு ஆகியவற்றையெல்லாம் சேர்த்து, அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை வைத்தே வழித்தடத்தைத் திட்டமிடுமாறு நான் சொல்வது வழக்கம்.

இதைவிட ஓட்டுநர்களை அதிகம் அவதிப்படுத்துவது வேறொன்று. டேஷ்போர்டு இருபது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கையில் வண்டி திடீரெனத் திறன் குறைந்து சாலையோரம் நின்றுவிடுவதாக வரும் புகார்கள் பலவற்றில், பேட்டரியில் பழுது எதுவும் இருப்பதில்லை. எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம், நிரம்பிய நிலைக்கும் காலியான நிலைக்கும் இடைப்பட்ட பெரும்பகுதியில் 3.2 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறைய மாறாமலேயே இருக்கும். ஆகவே மின்னழுத்தத்தை வைத்து மீதியைக் கணிக்க பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மை அமைப்பால் முடிவதில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே அது கணக்கு வைக்கிறது. சிறு சிறு பிழைகள் நாள்தோறும் சேர்ந்து கணக்கு வழுவும். முழுமையாக நிரம்பும்போது மட்டுமே மின்னழுத்தம் தெளிவாக உயர்வதால், அப்போதுதான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். மதிய உணவு வேளையில் அரைமணி, மாலையில் ஒருமணி என்று துண்டுதுண்டாகச் சார்ஜ் ஏற்றி, பல வாரங்களாக நூறைத் தொடாத வண்டிகளில் இந்தத் தொல்லை மிகுதி. தயாரிப்பாளர் வேறு அறிவுரை தராத நிலையில், வாரம் ஒருமுறையாவது மெதுவான சார்ஜரில் முழுமையாக ஏற்றி, செல்கள் அனைத்தும் ஒரே அளவு நிரம்பிச் சமநிலை அடையும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் விட வேண்டும். நிரம்பிய நிலையில் வெயிலில் நிறுத்தக் கூடாதென்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். விடியற்காலையில் நிரம்பும்படி அமைத்து, நிரம்பியதும் வண்டியை வேலைக்கு அனுப்பிவிட்டால் இரண்டும் நிறைவேறும்.

அந்த நேரத்தை அமைப்பது மின்வண்டிக் கிடங்கின் முதன்மையான வேலை. 21.3 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட் சார்ஜரில் நிரப்ப ஏழு மணி நேரம் ஆகலாம். மாலை ஏழு மணிக்கு ஐந்து வண்டிகள் திரும்பி, ஐந்தும் ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டால் 16 கிலோவாட்டுக்கு மேல் மின்பளு ஏறும். கிடங்கின் அனுமதிக்கப்பட்ட மின்பளு அதற்கு இடம் தராவிட்டால் அபராதமோ மின்தடையோ நேரும். வெயிலில் ஓடித் திரும்பிய பேட்டரி அந்நேரம் சூடாகவும் இருக்கும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஒன்பது மணிக்கு மேல், சுழற்சி முறையில் சார்ஜைத் தொடங்கும் மென்பொருள்கள் இன்று சிறு நிறுவனங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. மென்பொருள் இல்லையென்றாலும், பொறுப்பான இரவுக் காவலரும் சுவரில் ஒட்டிய அட்டவணையும் அதே வேலையைச் செய்யும். சார்ஜருக்குத் தனிக் கம்பி, தனி எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவை கட்டாயம். பலமணி நேரம் தொடர்ந்து பதினைந்து ஆம்பியர் இழுக்கப்படும் தளர்ந்த சாக்கெட் உருகுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

மலைப்பகுதியில் விநியோகம் செய்வோருக்கு ஒரு குறிப்பு. பிரேக் பிடிக்கையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருவது இவ்வண்டிகளின் சிறந்த பண்பு. ஆனால் நிரம்பிய பேட்டரியால் அதை வாங்கிக்கொள்ள இயலாது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ இரவெல்லாம் நூறு விழுக்காடு ஏற்றிவிட்டு, காலையில் பாரத்தோடு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும் வண்டியில், ஓட்டுநர் நம்பியிருக்கும் மோட்டார் பிரேக் முதல் சில வளைவுகளில் வேலை செய்யாமல் போகலாம். முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறும். மேலிருந்து கிளம்பும் வண்டியை எண்பது, எண்பத்தைந்து விழுக்காட்டோடு அனுப்பினால் போதும். இறங்கும்போது அதுவே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்.

பாதுகாப்பு விதிகளில் முன்னேற்றம் உண்மையானது. 2022-இல் நாட்டில் மின் இருசக்கர வண்டிகள் தொடர்ந்து தீப்பற்றியதை அடுத்து, பேட்டரிச் சோதனைத் தரநிலைகள் திருத்தப்பட்டன. நான்கு சக்கர வண்டிகளுக்கான ஏஐஎஸ் 038-இன் திருத்திய வடிவமும் அவற்றுள் ஒன்று. ஒரு செல்லில் தொடங்கும் வெப்பப் பெருக்கம் (வெப்பம் தன்னைத் தானே கூட்டிக்கொண்டு கட்டுமீறும் நிலை) மற்றவற்றுக்குப் பரவி ஆபத்தாகும் முன்பே வண்டியில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. பழைய இருப்பு வண்டியைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால், எந்தத் தரநிலையின் கீழ் அதற்குச் சான்று தரப்பட்டது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

பேட்டரிப் பெட்டியின் நீர்ப்புகாத் தன்மையைச் சொல்லும் ஐபி67 என்ற குறியையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் மூழ்கினாலும் உள்ளே கேடு விளைவிக்கும் அளவில் நீர் புகாது என்பதே அதன் பொருள். அதுவும் புதிய, முத்திரை கெடாத பெட்டிக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் தேங்கியது போன்ற நீரை அந்தக் குறி கருத்தில் கொண்டதில்லை. பேட்டரிப் பெட்டி நீரில் நின்றிருந்தால், வெளியே காய்ந்து வண்டி நன்றாகத் தெரிந்தாலும் அதை இயக்கவோ சார்ஜரில் இணைக்கவோ கூடாது. கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் விலக்கித் திறந்த இடத்தில் நிறுத்தி, தயாரிப்பாளரின் பணியாளர் மின்கசிவு உண்டா என்று காட்டும் காப்புத்தடையைச் சோதித்த பின்னரே தொட வேண்டும். நீர் புகுந்த பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பற்றக் கூடும்.

கடைசியாக ஒப்பந்தம். பல ஆண்டு உத்தரவாதம் என்று விளம்பரத்தில் இருப்பது, எத்தனை விழுக்காடு கொள்ளளவுக்குக் கீழ் இறங்கினால் செல்லுபடியாகும், அதிவேகச் சார்ஜை அடிக்கடி பயன்படுத்தினால் விலகுமா, கொள்ளளவை அளப்பது யார் ஆகிய மூன்றுக்கும் உள்ளே விடை இருந்தால்தான் பயன்படும். இன்றைய வண்டி ஒவ்வொன்றும் செல்களின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் பேட்டரியின் ஆரோக்கிய அளவையும் (புதிதில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மீதம் என்பது) பதிவு செய்கிறது. ஆனால் அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் உரிமையாளரிடம் இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் மின்வண்டிப் பேட்டரிகளுக்கு, அவற்றின் விவரங்களைக் காட்டும் டிஜிட்டல் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. நம்மிடம் அத்தகைய கட்டாயம் வரும்வரை, மாதந்தோறும் ஆரோக்கிய அளவையும் அதிகபட்சச் செல் வெப்பநிலையையும் தர வேண்டும் என்ற வரியைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்க்கச் சொல்கிறேன். ஐந்து வண்டிகளுக்கு மேல் வாங்குபவர்கள் கேட்டால் நிறுவனங்கள் பெரும்பாலும் இசைகின்றன. பழைய மின்வண்டியை விற்கும் நாளில், அந்தப் பதிவுள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் கிடைக்கும் விலை ஒன்றாக இருக்காது. சோதனை ஓட்டத்துக்கு வண்டி தருவதாகச் சொன்னால், அதை டிசம்பரில் வாங்காமல் மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். முழுப் பாரத்தோடு உங்கள் வழித்தடத்திலேயே ஒரு வாரம் ஓட்டி, மாலையில் கிடங்குக்குத் திரும்பியதும் பேட்டரியின் வெப்பநிலை எவ்வளவு, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நாள்தோறும் எழுதி வாங்குங்கள்.