சாவி திரும்பும்போதே இக்னிஷன் லாக்கை மாற்றிவிடுங்கள்

சாவி பாதியில் முறிந்து, அதன் முனை இக்னிஷன் லாக்குக்குள்ளேயே சிக்கிக்கொண்ட நிலையில் மீண்டும் ஒரு பழைய கார் கட்டியிழுக்கப்பட்டு எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. சாவியைச் சற்றே வெளியே இழுத்துப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டி, பிறகு திருகினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பது உரிமையாளருக்கு நெடுநாளாகத் தெரியும். அந்தப் பக்குவம் தமக்கு மட்டுமே கைவந்தது என்று அவர் பெருமையாகவே சொன்னார். இதே பேச்சை இதற்கு முன்பும் பலரிடம் கேட்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். சாவியை ஆட்டித் திருப்பும் பக்குவம் பழுதைச் சரிசெய்வதில்லை. லாக்குக்குள் சாவியோடு சேர்ந்து சுழலும் உருளையான சிலிண்டரின் தேய்மானத்தை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, கையில் இருக்கும் சாவியைக் கொண்டுபோய் டூப்ளிகேட் போடுவது. புதுச் சாவி வந்துவிட்டால் லாக்கும் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கை எப்படியோ எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. டூப்ளிகேட் போடும் இயந்திரம் உங்கள் சாவியின் விளிம்பை அப்படியே தடவிப் பார்த்து அதே வடிவத்தைப் புதிய சாவியில் வெட்டுகிறது. உங்கள் சாவி தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்துதான் வெட்டப்படும். சிலிண்டருக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றையும் சாவியின் ஒரு வெட்டு சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு தகடு சற்றே பிசகினாலும் சிலிண்டர் சுழலாது. தேய்ந்த சாவியின் நகல் பளபளப்பாக இருக்குமே தவிர, தகடுகளை அந்த உயரத்துக்குக் கொண்டுபோகாது. தயாரிப்பாளரின் சாவி எண்ணைக் கொண்டு வெட்டப்படும் சாவியே அந்த லாக்குக்கு உரிய மூல வடிவத்தில் இருக்கும். இதை நான் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேய்ந்த சாவியின் நகலுக்கும் நகல் எடுத்துக்கொண்டு மீண்டும் வந்து நிற்பவர்களும் குறையவில்லை.

பழுது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். வண்டியோடு வந்து, அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து, அன்றாடச் சாவியின் மீது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தேய்ந்த சாவியில் மேடுகளின் கூர்மை மழுங்கி, சரிவுகள் வழவழப்பாகி, இரண்டு விளிம்புகளுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி தெரியும். இரண்டாவது சாவியில் லாக் தடையின்றித் திரும்பினால் குறை முதல் சாவியில் இருக்கிறது. அதுவும் முரண்டு பிடித்தால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சக்கரங்கள் திரும்பிய நிலையில் வண்டியை நிறுத்தியிருந்து, ஸ்டீயரிங் லாக்கின் மீது அழுத்தம் இருப்பதால் சாவி திரும்பாமல் போவது வேறு. ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தபடி திருப்பினால் அது சரியாகிவிடும். சாவி நன்றாகத் திரும்பியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சிலிண்டரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், சிலிண்டருக்குப் பின்னால் இருந்து, சாவி திரும்பும்போது மின்சாரத்தை இணைக்கும் இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தயவுசெய்து சாவித் துளைக்குள் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாதீர்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசுபிசுப்பாகி, தகடுகளை இன்னும் இறுக்கிவிடும். மசகு வேண்டுமென்றால் கிராஃபைட் தூள் போன்ற உலர்ந்த வகையைப் பயன்படுத்துங்கள். ஆனால் தேய்ந்துபோன உலோகத்தை எந்த மசகும் வளர்த்துத் தராது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கையோடு வெளியே வந்துவிடுவதை வசதி என்று எண்ணிப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. சாவி கையில் இருப்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நம்பி, கியரைச் சரியாகப் போடாமல் இறங்கினால் வண்டி தானாக உருளக்கூடும். 2014 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 22 லட்சம் கார்களின் இக்னிஷன் லாக் சிலிண்டர்களை மாற்றித் தருவதாக அறிவித்ததற்கு இதே குறைதான் காரணம். அதே கார்களில் இக்னிஷன் சுவிட்சும் பலவீனமாக இருந்தது. சாவிக்கொத்தின் பாரத்தாலோ குலுங்கலாலோ ஓட்டத்தின் நடுவே இன்ஜின் அணைந்து, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போன அந்தக் குறைக்காக, நிறுவனம் அமைத்த நிதி 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீடு வழங்க ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, பொம்மை எல்லாவற்றையும் வளையத்திலிருந்து கழற்றிவிட்டு, வண்டிச் சாவியை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி திரும்பும்போதே வாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல கார்களில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால்தான் சிலிண்டரைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய முள், அதன் உறையில் உள்ள துளைக்கு நேராக வந்து நிற்கும். அதை மெல்லிய கம்பியால் அழுத்திக்கொண்டே சாவியை இழுத்தால் சிலிண்டர் அப்படியே வழுக்கிக் கையில் வந்துவிடும். சாவி திரும்பாமல் போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். துளைபோட்டு எடுக்க வேண்டியிருக்கும், உலோகத் துகள்கள் உள்ளே சிதறும், உறை சேதமானால் ஸ்டீயரிங் லாக் முழுவதையுமே மாற்ற நேரிடும். இறுக்கியபின் தலை முறிந்துவிடும்படி அமைந்த போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட லாக் என்றால் வேலை இன்னும் கூடும்.

தாமே மாற்ற நினைப்பவர்கள் முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டியானால் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியில் கைவைக்காதீர்கள். சாவியின் தலைக்குள் இம்மொபிலைசர் சிப், அதாவது வண்டி தன் சாவியை அடையாளம் கண்டு இன்ஜினை ஓடவிடுவதற்கான சிப், இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய சிப்பைப் புதிய சாவிக்கு மாற்றாமலோ, புதிய சிப்பை வண்டிக்குப் பதிவுசெய்யாமலோ விட்டால், புதிய சிலிண்டர் அழகாகத் திரும்பும், வண்டி மட்டும் ஓடாது.

வேலை முடிந்ததும் வண்டியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். எல்லா நிலைகளுக்கும் சாவியைத் திருப்பிப் பார்த்து, இன்ஜின் ஓடும்போது சாவி வெளியே வரவில்லை என்பதையும், அணைத்து எடுத்தபின் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்கிறது என்பதையும், ஆட்டோமேட்டிக் வண்டியானால் பார்க் நிலையில் அல்லாமல் சாவி கழலவில்லை என்பதையும் நீங்களே உறுதிசெய்யுங்கள். கதவுகளும் டிக்கியும் பழைய சாவியிலேயே இயங்கும் என்பதால், புதிய சிலிண்டரின் தகடுகளைப் பழைய சாவியின் மூல வடிவத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்துத் தரும்படி வேலையைத் தொடங்கும் முன்பே கேளுங்கள்; அது இயலாவிட்டால் பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.