அமெரிக்காவில் மாற்றுக் காற்றுத் தர மாடலுக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் காற்று தேசியத் தர வரம்புக்குள் இருக்கும் பகுதிகளில் பெரிய தொழிற்சாலை ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்கும், இருப்பதைப் பெரிதாக விரிவாக்குவதற்கும் பி.எஸ்.டி. எனப்படும் காற்று அனுமதி வேண்டும். புகைபோக்கியிலிருந்து வரும் மாசு சுற்றுப்புறக் காற்றில் எவ்வளவு சேரும் என்று கணினி மாடலில் கணக்கிட்டு, தேசியத் தர வரம்பு மீறப்படாது என்று காட்ட வேண்டும். எந்த மாடல் என்பது விண்ணப்பதாரரின் விருப்பம் அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) காற்றுத் தர மாடல் வழிகாட்டி அதைத் தீர்மானிக்கிறது. கூட்டாட்சி விதித் தொகுப்பின் 40 சி.எஃப்.ஆர். பகுதி 51-இல் பின்னிணைப்பாக இருப்பதால் துறையில் அதற்கு ‘அப்பெண்டிக்ஸ் டபிள்யூ’ என்றே பெயர்.

அதில் முன்னுரிமை மாடல்கள் மூன்றுதான். 2005-இல் ஐ.எஸ்.சி.3 என்ற பழைய மாடலை வெளியேற்றி வந்த ஏர்மாட், ஆலையிலிருந்து 50 கிலோமீட்டர் வரையான பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். மலைப்பாங்கான இடத்துக்கு சி.டி.டி.எம்.பிளஸ், கடல்மேல் உள்ள மாசு மூலங்களுக்கு ஓ.சி.டி. இந்த மூன்றைத் தவிர வேறு எதைப் பயன்படுத்தினாலும் பிரிவு 3.2-இன்படி ‘மாற்று மாடல்’ ஒப்புதல் தேவை.

ஒப்புதல் தேவைதானா?

முன்னுரிமை மாடலையே ஓட்டினாலும் அது மாற்று மாடலாகிவிடக்கூடும். நிரலில் கைவைத்துச் செறிவு எண்கள் மாறினாலோ, வழிகாட்டி அனுமதிக்காத ஒரு தெரிவை இயக்கினாலோ முன்னுரிமைத் தகுதி போய்விடும். ஏர்மாடில் ‘பீட்டா’, ‘ஆல்பா’ என்று குறிக்கப்பட்ட தெரிவுகள் இந்த வகை. பீட்டா என்றால் அறிவியல் ஆய்வு முடிந்து ஒப்புதல் கேட்கத் தயாராக இருப்பது. ஆல்பா இன்னும் சோதனை நிலை. வெளியீட்டின் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தால் கவலையில்லை, எண் மாறவில்லை என்று ஒரு சோதனை ஓட்டம் காட்டினால் போதும்.

உராய்வு வேகம் என்பது தரையருகே காற்றுக் கொந்தளிப்பைக் கணக்கிட உதவும் அளவு. குறைந்த காற்று வேகத்தில் அதைச் சரிசெய்யும் தெரிவில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வழிகாட்டியின் 2017 திருத்தத்துக்குப் பிறகு அது வழக்கமான தெரிவு. ஆனால் ஆலை வளாகத்துக் கோபுரத்தில் அளந்த காற்றுக் கொந்தளிப்புத் தரவையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால் வழக்கமானது இல்லை. இரண்டும் சேர்ந்தால் மாடல் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும் போக்கு இருப்பதுதான் காரணம்.

மறுபக்கம், தேவையில்லாமல் ஒப்புதல் கேட்டு மாதங்களை வீணாக்குபவர்களும் உண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடைக் கணக்கிடும் மிக விரிவான (மூன்றாம் அடுக்கு) முறைகளான ஓ.எல்.எம்., பி.வி.எம்.ஆர்.எம். இரண்டுக்கும் இ.பி.ஏ.யின் மண்டல அலுவலகத்தோடு கலந்தாலோசித்தால் போதும். 2024 நவம்பரில் வெளியான திருத்தம் ஜி.ஆர்.எஸ்.எம். முறையையும் இந்த வரிசையில் சேர்த்தது.

மூன்று வழிகள்

முதல் வழி சமநிலை. உங்கள் மாடல் தரும், தர வரம்போடு ஒப்பிடப்படும் அளவுகள் முன்னுரிமை மாடலின் அளவுகளிலிருந்து கூட்டியோ குறைத்தோ 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விடை அதேதான் என்றால் எதற்கு மாற்று மாடல்? அதனால் இந்த வழியில் போகிறவர்கள் குறைவு.

இரண்டாவது, அளந்த தரவோடு ஒப்பிட்டு, இந்த இடத்துக்கு மாற்று மாடலே மேல் என்று புள்ளியியல் முறையில் காட்டுவது. மூன்றாவது, அந்த வேலைக்கு முன்னுரிமை மாடலே இல்லாத நிலை. 50 கிலோமீட்டருக்கு அப்பால் தர வரம்பை விரிவாகக் கணக்கிடும் தேவை இதற்கு உதாரணம். 2017-இல் கால்பஃப் என்ற தொலைதூர மாடல் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அங்கே முன்னுரிமை மாடல் கிடையாது. இந்த வழியில் ஐந்து விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: மாடல் அறிவியல் சகஆய்வு பெற்றிருக்க வேண்டும், கோட்பாட்டளவில் இந்தப் பிரச்சினைக்குப் பொருந்த வேண்டும், தேவையான தரவு கிடைக்கவும் போதுமானதாக இருக்கவும் வேண்டும், ஒழுங்குமுறைப் பயன்பாட்டுக்குத் தகாத சாய்வு இல்லை என்று செயல்திறன் சோதனை காட்ட வேண்டும், வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் செய்முறை ஆவணம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வழியின் சிக்கல்

இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் தரவில் தோற்கிறார்கள், கணக்கில் அல்ல. ஒப்பீட்டுக்கு அடிப்படை இ.பி.ஏ. 1992-இல் வெளியிட்ட செய்முறை. முதலில் ஒரு சல்லடை: அளந்ததிலும் கணித்ததிலும் உயர்ந்த 25 மதிப்புகளை எடுத்துப் பின்னச் சாய்வு (இரண்டின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்தது) பார்க்கிறார்கள். அது 0.67-ஐத் தாண்டினால், அதாவது கணிப்பு இரு மடங்குக்கு மேலோ பாதிக்குக் கீழோ போனால், அந்த மாடல் சந்தேகத்துக்குரியது. அடுத்து ‘உறுதியான உச்சச் செறிவு’. உயர்ந்த 25 மதிப்புகளின் சராசரியிலிருந்து 26-ஆவதைக் கழித்து, அதை 3.65-ஆல் பெருக்கி, 26-ஆவது மதிப்போடு கூட்டினால் அது வரும். தற்செயலாகத் துள்ளிய ஒரே ஒரு மணிநேரம் முடிவைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்தச் சுற்று. பிறகு இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறையில், இரு மாடல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதா என்று பார்க்கிறார்கள்.

அந்தச் செய்முறை 3 மணி, 24 மணிச் சராசரிகள் ஆண்ட காலத்தில் எழுதப்பட்டது. இன்று கழுத்தைப் பிடிப்பது 2010-இல் வந்த 1 மணி வரம்புகள்: கந்தக டை ஆக்சைடுக்கு 75 பி.பி.பி. (நூறு கோடியில் 75 பங்கு), நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 100 பி.பி.பி. எந்தச் சராசரிக்கு எவ்வளவு எடை என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எடையை மாற்றினால் யாரும் நம்பமாட்டார்கள்.

கருவி வைத்த இடமும் முக்கியம். உச்சச் செறிவு வடகிழக்கு மலைச்சரிவில் விழும் என்று மாடல் சொல்லும்போது, அளவீடு தென்மேற்கு ஊருக்குள் மட்டும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. உமிழ்வு மணிக்கு மணி வேண்டும். ஆண்டு மொத்தத்தை 8,760-ஆல் வகுத்துக் கொடுத்தால் உச்சங்கள் மழுங்கிவிடும். புகைபோக்கியின் வெப்பநிலை, வாயு வேகம் இரண்டும் அப்படியே மணிவாரியாக வேண்டும். பிற மூலங்களின் பின்னணிச் செறிவைக் கழித்த முறையை விளக்க வேண்டும். இரு மாடல்களுக்கும் ஒரே உள்ளீடு என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது, ஆனாலும் தவறுகிறது.

இன்னும் கட்டப்படாத ஆலைக்கு அளந்த தரவு ஏது? அப்போது ஒத்த நிலப்பரப்பும் மூலமும் உள்ள பழைய களத் தரவுகளை நாட வேண்டும். ஏர்மாடைச் சோதிக்கப் பயன்பட்ட பிரெய்ரி கிராஸ், கின்கெய்ட், லவெட் போன்றவை கிடைக்கின்றன. அவை உங்கள் இடத்தோடு ஏன் ஒத்துப்போகின்றன என்ற வாதம்தான் ஆவணத்தின் முதுகெலும்பு.

யார் கையெழுத்திட வேண்டும்

அனுமதியை வழங்குவது பெரும்பாலும் மாநில முகமை. மாடலுக்கு ஒப்புதல் தருவதோ இ.பி.ஏ.யின் 10 மண்டலங்களில் உரிய மண்டல நிர்வாகி. மாநில அலுவலர் மின்னஞ்சலில் சரி என்றார் என்பதற்காக வேலையைத் தொடங்கியவர்கள் பிறகு முழுவதையும் திரும்ப ஓட்ட நேர்கிறது. 2017 முதல் மண்டல நிர்வாகி மட்டும் போதாது. வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் இயங்கும் மாடல் கிளியரிங்ஹவுஸ் என்ற இ.பி.ஏ.யின் மையப் பரிசீலனைப் பிரிவின் இசைவும் கட்டாயம். இந்த இசைவுக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்களுடையதைப் போன்ற வழக்கு முன்பு வந்திருக்கிறதா என்று அங்கே தேடுவதுதான் முதல் வேலை.

வரிசை இது: மாநிலத்தோடும் மண்டலத்தோடும் முன்கூட்டம், செய்முறை ஆவணம், மாற்று மாடல் ஏன் என்று நியாயப்படுத்தும் அறிக்கை, மண்டலத்திலிருந்து கிளியரிங்ஹவுஸுக்குக் கோரிக்கை, இசைவு, எழுத்துபூர்வ ஒப்புதல். கடைசியில், மாற்று மாடல் பயன்பட்டதை அனுமதி வரைவின் பொது அறிவிப்பில் குறிப்பிட்டு மக்கள் கருத்துக்கு விட வேண்டும். இது விடுபட்டால், மாடல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அனுமதியை எதிர்த்து வழக்காடுபவருக்கு வசதியாகப் போய்விடும். முழுமையான விண்ணப்பத்தின்மீது ஓராண்டுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். மாடல் கோரிக்கையை அதற்கு முன்பே தொடங்குவது நல்லது.

‘ஏர்மாட் வரம்பு மீறல் காட்டுகிறது, அதனால் வேறு மாடல்’ என்பது காரணமாகாது. எந்த இயற்பியலை ஏர்மாட் கையாளவில்லை என்று காட்ட வேண்டும். 2011-இல் அலாஸ்காவின் ஆர்க்டிக் கடலில் ஷெல் நிறுவனத்தின் துளையிடும் பணிக்காக மண்டலம் 10 ஏற்ற வழி இப்படிப்பட்டது: கடல்மேல் காற்றின் நிலையை கோயர் என்ற கணிப்புமுறையால் தயாரித்து, அதை ஏர்மாடுக்குக் கொடுத்தார்கள். 2024 திருத்தத்தில் அதே கோயர் ஏர்மாடின் வானிலை முன்தயாரிப்பு நிரலான ஏர்மெட்டுக்குள்ளேயே சேர்ந்தது.

அதற்காக ஒருவருக்குக் கிடைத்த ஒப்புதலை இன்னொருவர் நகலெடுக்க முடியாது. அது அந்த ஆலைக்கும், அந்த இடத்துக்கும், அந்தப் பதிப்புக்கும் மட்டும். ஏர்மாடின் பதிப்பு எண் 24142 என்றால் 2024-ஆம் ஆண்டின் 142-ஆவது நாள் என்று பொருள்; கோரிக்கையில் எல்லாத் துணை நிரல்களின் எண்களையும் இப்படி எழுதுங்கள். காத்திருக்கும்போது புதிய பதிப்பு வந்தால் எதை மட்டும் திரும்ப ஓட்டிக் காட்டுவது என்பதையும் செய்முறை ஆவணத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.