ஷூ போடாத கால்களுக்கு ஒரு கருவி

தெற்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பொறியியல் மாணவர்களும் அவர்களுடைய விரிவுரையாளரும் எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். மலேசியாவின் கெடாவில் பீடோங் பக்கம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் தாதி நான். அவர்கள் கொண்டுவந்தது ஷூவுக்குள் வைக்கும் ஒரு மெத்தை. மெல்லிய ரப்பர், உள்ளே குட்டிக் குட்டி சென்சார்கள். பாதத்தில் ஏதாவது ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் கைப்பேசிக்குத் தகவல் போகும். புண் வருவதற்கு முன்பே எச்சரிக்கை. நல்ல யோசனை, சந்தேகமே இல்லை.

முதல் நாற்காலியில் ஒரு பாட்டி. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். மெத்தையை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இதை எதுக்குள்ள வெக்கிறது?"

"ஷூவுக்குள்ள பாட்டி."

"நான் ஷூ போட்டதே இல்லையே! வெளிய போனா சிலிப்பர். கோயிலுக்குப் போனா அதையும் வாசல்ல விட்டுருவேன்."

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருட உழைப்பு. இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவர் அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவர்கள் அறைக்குள் வந்ததில்லை.

எங்கள் வட்டாரத்தைப் பாருங்கள். பீடோங், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், மருத்துவமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளோடு. பக்கத்திலேயே சுங்கை பட்டாணியில் பெரிய அரசாங்க மருத்துவமனை. பாலத்தைத் தாண்டினால் பினாங்கில் பி. பிரவுன் மாதிரி மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள். அந்த நிறுவனம் அங்கே 1972 முதல் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த நம் பெண்கள் எத்தனையோ பேர் இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். கருவியைச் செய்யும் கையும் நம்முடையது, அதைப் போட்டுக்கொள்ளும் கையும் நம்முடையது. வரையும்போது மட்டும் நம்மை யாரும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பழக்கமான உதாரணமே இருக்கிறது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் அழுகுகிறது என்று அவர்களோடேயே இருந்து பார்த்தார். நோய் சதையைத் தின்னவில்லை, உணர்ச்சி போன காலில் தொடர்ந்து அழுத்தம் விழுவதால்தான் புண் வருகிறது என்று கண்டார். தீர்வு மருந்துக்கடையில் இல்லை, செருப்பில் இருந்தது. அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்ததுதான் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு. இன்றைக்கு நீரிழிவுக்காரர்கள் பலர் போடுவதும் அதே வகைச் செருப்புதான். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நான் தினமும் தொடும் அந்த 10 கிராம் நைலான் இழை இருக்கிறதே, அதுவும் தொழுநோய்ப் பாதங்களில் நிறையப் பழகிய பிறகே நீரிழிவுக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் உண்டு. முன்பு யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ராத்திரியில்தான் வருவார்கள், ஏனென்றால் அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தக்குழாயில் மிதக்கும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஹ்மா நூர்டின் குழுவினர், அந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ஒரு புரதத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கினார்கள். ஒரு நிறுவனம் அதை 'புருகியா ரேப்பிட்' என்ற கையடக்கக் கருவியாக்கியது. பகலிலேயே ரத்தம் எடுக்கலாம், சிறிது நேரத்தில் முடிவு தெரியும். ஆய்வகத்தில் ஒரு புரதம், நோயாளியிடம் கொஞ்சம் ரத்தம், தொழிற்சாலையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. இதில் எது குறைந்தாலும் அந்தக் கருவி பிறந்திருக்காது.

இப்போது எனக்கு மனம் வலிக்கிற பக்கத்துக்கு வருகிறேன். கோவிட் காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளந்தோமே, அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்திக் கணக்குப் போடுகிறது. கருந்தோலின் நிறமி அந்தக் கணக்கைக் குழப்பக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி ஆக்சிஜன் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் தந்த வழிகாட்டுதல், சோதனையில் கருந்தோல் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், இதில் எது அதிகமோ அது இருந்தால் போதும் என்றது. இரண்டு பேர்! அதைப் படித்த அன்று, வெயிலில் கறுத்த எங்கள் தோட்டத்து விரல்களில் நான் பார்த்து எழுதிய எண்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். நமக்கு இவ்வளவு இருக்கும்போது, நீரிழிவுக்கான கருவிச் சோதனையில் நாம் இல்லாமல் போவது நமக்குத்தான் நஷ்டம்.

ஆனால் நம்மவர்கள் ஆய்வில் சேரச் சம்மதம் கேட்கும் பாரத்தை, அதாவது படிவத்தைப் பார்த்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "எலி மாதிரி நம்மள வெச்சுப் பாக்குறாங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். இல்லையென்றால், "எங்க மிஸ்ஸி கையெழுத்துப் போடணும்?" என்று படிக்காமலே பேனாவை வாங்குவார்கள். எனக்கு இரண்டாவதைப் பார்த்தால்தான் அதிக பயம். என்னை நம்பித்தானே போடுகிறார்கள்? அதனால் பேனாவைக் கொடுக்க மாட்டேன். முதலில் உட்கார வைத்துப் பேசுவேன். ஒருமுறை தமிழ்ப் பாரத்தில் "தற்செயல் ஒதுக்கீடு" என்று இருந்தது. யாருக்குப் புரியும்? சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி உங்களுக்கு எந்தக் கருவி என்று முடிவாகும், டாக்டர்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது என்றேன். "அப்படிச் சொல்லு!" என்றார் ஒரு தாத்தா.

கேளுங்கள். மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, அதன் எண் பாரத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். என் ரத்தமும் என் விவரமும் யாரிடம் போகும்? நடுவில் வேண்டாம் என்று விலகலாம், அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. எழுத்து தெரியாதவர் என்றால், ஆய்வுக்குழுவைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும். பாரத்தின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு மறுவாரம் வந்து சொல்கிறேன் என்றால், அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. முகம் சுளிக்கிற ஆய்வாளரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்பனைக்கு வரும் கருவிகளுக்கு நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் இருக்கிறது. ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகை பிரித்துப் பதிவு செய்கிறார்கள். அது கருவி தயாரான பிறகு போடும் பூட்டு. அச்சு வார்ப்பதற்கு முன்பே எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள் என்பதுதான் பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது. இன்னொன்று: முடிவு வந்ததும் திரும்பி வந்து சொல்லுங்கள். காலைக் கொடுத்தவருக்கு என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தெரிய வேண்டாமா?

அந்த மாணவர்கள் திரும்பி வந்தார்கள். எட்டு மாதம் கழித்து, பின்னால் வார் வைத்த ஒரு சிலிப்பரோடு. சென்சார்கள் அடியில். பாட்டி போட்டுக்கொண்டு அறை முழுக்க நடந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பக்கத்து அறையில் டாக்டர் கூப்பிட்டதும், பழக்கதோஷம், வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

விரிவுரையாளர் அந்தச் சிலிப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "மிஸ்ஸி, வீட்டுக்குள்ள அவங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நடப்பாங்க?"

"உள்ள போய் அவங்ககிட்டயே கேளுங்க சார்" என்றேன்.