செடிமென்ட் செல்: கடலோர மணலுக்கு ஓர் ஆயக்கட்டு

கடலோரத் திட்டம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று, வடசென்னையில் ஒரு சமுதாயக் கூடத்தில். திரையில் வரைபடங்கள் மாறிக்கொண்டிருந்தன. பேசிய பொறியாளர் நாலைந்து முறை ‘செடிமென்ட் செல்’ என்றார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “இன்னா சார், செல்லு செல்லுன்றீங்க, நம்பர் எதுனா குடுக்கணுமா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது, பொறியாளரும் சிரித்தார். ஆனால் கடைசிவரை விளக்கம் வரவில்லை. கையில் கொடுத்த தாளில் ‘வண்டல் செல்’ என்று அச்சாகியிருந்தது. பெரியவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, முதலில் பொருள். கடற்கரை மணல் கிடந்த இடத்தில் கிடப்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதும்போது ஒவ்வொரு மோதலிலும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. நம் சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களில் மணல் வடக்கே நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்துக்குச் சென்னை மீனவர்கள் ‘தெண்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றில் வந்த மணல் கரையேறி, கரையோரமாக நடந்து, கடைசியில் எங்கோ ஆழத்தில் விழுகிறதல்லவா? அந்தப் பயணம் முழுவதும் அடங்கிய கரைத்துண்டுதான் செடிமென்ட் செல். அதற்குள் மணலின் வரவும் செலவும் ஒரே கணக்கு. பக்கத்துச் செல்லோடு கொடுக்கல் வாங்கல் சொற்பம். பாறை முனையோ பெரிய முகத்துவாரமோ கடலடிப் பள்ளத்தாக்கோ அதற்கு எல்லையாக அமையும். சென்னைப் பக்கம் பாறை முனைகள் இல்லாததால் துறைமுகச் சுவர்கள் அந்த வேலையைச் செய்கின்றன, யாரும் கேட்காமலே.

இந்தக் கருத்து 1960களில் கலிபோர்னியாவில் உருவானது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் டக்ளஸ் இன்மன் அந்தக் கரையைத் தனித்தனி ‘செல்’களாகப் பிரித்துக் காட்டினார். சொல்லின் வேரோ லத்தீன். ‘செல்லா’ என்றால் சிறு அறை, சரக்கு வைக்கும் அறை. மடத்துத் துறவி தங்கிய அறைக்கும் அதுவே பெயர். 1665-இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் தக்கையைப் பார்த்து, அதிலிருந்த குட்டிக் குட்டி அறைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதால்தான் உயிரியலில் செல் வந்தது. ‘செடிமென்ட்’ வந்தது ‘உட்கார்’ என்ற லத்தீன் வினையிலிருந்து. அடியில் போய் உட்கார்ந்தது என்று பொருள். ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அறைக்குள் உட்கார்ந்திருப்பது’. நாம் பேசுவதோ ஓயாமல் நடக்கிற ஒன்றைப் பற்றி!

தமிழ் ‘செல்’லுக்குத்தான் இங்கே அதிகப் பொருத்தம் என்று வேடிக்கையாகத் தோன்றும். செல் என்றால் போ; மணலும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. செல் என்றால் கறையானும்கூட. செல்லரித்த ஏட்டைப் பார்த்தவர்களுக்குக் கடல் அரித்த எண்ணூர்ச் சாலையைப் புதிதாக விளக்க வேண்டாம்.

இந்தச் செல் சென்னையில் எப்படி வேலை செய்கிறது? துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டிய சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப்போட, மறுபடி கட்டினார்கள். சுவர் கடலுக்குள் நீண்டதும் வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அதன் தென்பக்கத்தில் முட்டி நின்றது. அதற்கு முன்பு அலை, இன்றைய காமராசர் சாலைக்கு வெகு அருகில் வந்துபோய்க்கொண்டிருந்தது. மணல் சேரச் சேரக் கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயரும் வைத்தார். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நாம் நடக்கிற அந்த அகலமான மணல்வெளி, கணக்குப்படி பார்த்தால் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர வேண்டிய பங்கு. போகாததால் அங்கே கரை கரைந்தது, தெருக்கள் போயின, பாறாங்கல் சுவர் வந்தது. 2001-இல் எண்ணூரில் காமராசர் துறைமுகம் திறந்தது. அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஒவ்வொரு சுவருக்கும் தெற்கே மணல் மேடு, வடக்கே அரிப்பு.

இதற்கு மருந்தாகப் போடுகிற கற்கரைகளுக்குத் தமிழ்ச் செய்தித்தாள்கள் வைத்த பெயர் ‘தூண்டில் வளைவு’. தூண்டில் முள்போல வளைந்திருப்பதால் வந்த பெயர். யார் வைத்தார்களோ, அருமையான பெயர். அது மணலைப் பிடிக்கத்தான் செய்கிறது. தனக்குத் தெற்கே உள்ள குப்பத்துக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வடக்கே உள்ள குப்பத்தை வெறும் கையோடு அனுப்பும். அந்தக் குப்பமும் தூண்டில் வளைவு கேட்கும். அதற்கடுத்த குப்பம் சும்மா இருக்குமா?

கடல் மட்ட உயர்வு இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டின்படி 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் தட்டையான மணற்கரையில் மட்டம் ஒரு பங்கு ஏறினால் கரை 50 முதல் 100 பங்கு உள்ளே வரும் என்பது பொறியாளர்களின் பழைய தோராயக் கணக்கு. மணல் வரத்து இருக்கும் கரை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வரத்து நின்ற கரைக்கு அந்த வழியும் இல்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை பார்த்ததில் தமிழகக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது.

அப்புறம் நிர்வாகம். செல் ஒன்று, அதிகாரம் பல. சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் மத்திய அரசின் கீழ், காட்டுப்பள்ளி தனியாரிடம், மெரினாவின் பராமரிப்பு மாநகராட்சியிடம். பெரிய கட்டடங்களுக்கான அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). எண்ணூர் முகத்துவாரம் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம். மெரினாவில் நின்றுபோன மணலைப் பற்றி எண்ணூர்க்காரர் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பார்?

புதுச்சேரிக் கதை இதைவிடத் தெளிவு. அங்கே 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் நகரத்தின் கடற்கரை மறைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் தமிழ்நாட்டு ஊர்கள். சுவர் ஓர் அரசின் எல்லையில், இடிந்த வீடு இன்னோர் அரசின் எல்லையில்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990களில் கரையைச் சுற்றி 11 பெரிய செல்கள் என்று வகுத்து, மாவட்ட எல்லையை ஒதுக்கிவிட்டுச் செல் வாரியாகக் கரையோர மேலாண்மைத் திட்டம் எழுதத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்களும் சேர்ந்து, சுவரின் தென்பக்கம் தேங்கும் மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடக்கே அனுப்புகின்றன. 2001 முதல் அந்த ஏற்பாடு ஓடுகிறது. வட்டாரத் திட்டமிடல் என்று பெரிய சொல்லாகச் சொல்வதன் நடைமுறை இதுதான்: மணலை வழிமறித்தவர் அதைத் தாண்டவும் விட வேண்டும்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

‘வண்டல்’ எனக்கு ஒட்டவில்லை. இன்று வண்டல் என்றதும் ஆற்றுப் பாசனத்தில் படியும் மெல்லிய மண்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தச் சொல் கடற்கரைக்கு அந்நியமும் இல்லை. சங்க இலக்கியத்தில் வண்டல் என்பது சிறுமியர் மணலில் விளையாடும் விளையாட்டு. அவர்கள் செய்யும் மணற்பொம்மை வண்டற்பாவை. ஐங்குறுநூற்று நெய்தல் பாடல் ஒன்றில் அலை பாவையைக் கொண்டுபோன கோபத்தில் ஒருத்தி மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். லாரி லாரியாகக் கல் கொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வரும். அவளிடம் டெண்டர் இல்லை, அவ்வளவுதான்.

‘செல்’லுக்கு உயிரணு, கண்ணறை என்ற தமிழ்ச் சொற்கள் உண்டு. இலங்கையில் கலம். மின்கலம் என்ற வழக்கை ஒட்டி ‘மணற்கலம்’ என்று சொல்லலாம். சுருக்கமானது, ஆனால் கலம் என்றால் பாத்திரம், கடலோரத்தில் படகும்கூட. ‘மணல் அறை’ என்றால் கட்டுமானக் கிடங்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் தேர்வு ‘மணல் ஆயக்கட்டு’. ஓர் ஏரியின், ஓர் அணையின் தண்ணீரை நம்பியிருக்கும் நிலம் முழுவதும் அதன் ஆயக்கட்டு. ஆயம் வரியைக் குறிப்பது. ஊர் நிலத்தின் கணக்கைச் சொல்லிவந்த வருவாய்த்துறைச் சொல், பாசனத்துக்கு வந்து நிலைத்தது. செல் என்ற சொல் எல்லையை மட்டும் சொல்கிறது. ஆயக்கட்டு பங்கையும் சொல்கிறது. தலைமடைக்காரர் மடையை அடைத்தால் கடைமடை காயும் என்பது எந்த விவசாயக் குடும்பத்துக்கும் விளக்க வேண்டாத விஷயம். அதைக் கேட்கும் உரிமை கடைமடைக்காரருக்கு உண்டு என்பதும் அப்படியே. ‘மெரினா தலைமடை, எண்ணூர் கடைமடை’ என்றால் அந்தக் கூடத்தில் திரையே தேவைப்பட்டிருக்காது.

ஒரு குறை உண்டு. ஏரித் தண்ணீர் ஒரே பக்கம்தான் பாயும். மணல் கார்த்திகை, மார்கழியில் திசை மாறித் தெற்கே வரும். கொஞ்ச நாளைக்குத் தலைமடையும் கடைமடையும் இடம் மாறிவிடும், எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர் தலைமடைக்காரர் ஆகிவிடுவார். அந்த நாட்களில் அவர் கையில் மறித்து வைக்க மணல் இருக்காது என்பது வேறு விஷயம்.