மருவுக்கு வேர் கிடையாது

போன வாரமும் ஒருவர் வந்தார். 23 வயதுப் பெண், பத்து நாளில் கல்யாணம். கன்னத்தில் மிளகளவு இருந்த மருவின் மேல் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க எரிச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தோல் கருகி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. "எரிஞ்சாத்தான் வேர் சாகும்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். கல்யாணத்துக்குள் ஆறாது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த 'வேர்' கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மருவுக்கு வேர் கிடையாது. ஹெச்பிவி என்ற வைரஸால் மேல்தோல் தடித்து வளர்வதுதான் மரு. சீவும்போது தெரியும் கரும்புள்ளிகளை வேர் என்கிறார்கள். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். எடுத்த மரு சிலருக்குத் திரும்ப வருவதும் உண்மைதான். வேர் தங்கியதால் அல்ல, பக்கத்துத் தோலில் வைரஸ் தங்கியதால். கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்துத் தொங்குபவை வேறு ரகம், வெறும் சதைத் தொங்கல்கள். (அவை நிறைய இருந்து கழுத்தும் கறுத்துத் தடித்திருந்தால், நான் முதலில் எழுதிக்கொடுப்பது சர்க்கரைப் பரிசோதனை.)

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். மரு எது, நல்ல தோல் எது என்று அது பார்க்காது. அடித்தோல் வரை அரித்துவிட்டால் தழும்பு நிச்சயம்.

மருவை எடுப்பது எங்களிடம் மரத்துப்போக ஓர் ஊசி, ரேடியோ அலைக் கருவியில் சில நிமிட வேலை, அவ்வளவுதான். பொருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானே உதிரும். பிய்க்காதீர்கள், வெயில் படவிடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு தடித்து வளரும் உடம்பென்றாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மச்சத்தை மட்டும் தயவுசெய்து பார்லரில் சுடக் கொடுக்காதீர்கள். சுட்டபின், புற்றுநோயா என்று பார்க்கும் பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப என்ன மிஞ்சும்? நிறமோ ஓரமோ மாறும் மச்சத்தை, அதிலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாக வந்த கறுப்பை, உடனே காட்டுங்கள்.

ஏற்கெனவே சுண்ணாம்பு வைத்துவிட்டீர்களா? துடைத்தெடுத்துவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை, பற்பசை எதையும் தடவாமல் அப்படியே கிளம்பி வாருங்கள்.