பெங்களூர் போய் வாருங்கள், வந்ததும் பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். குழந்தைக்கு நாலரை மாதம். கல்யாண நாளுக்காகக் கணவனும் மனைவியும் பெங்களூர் போய் இரண்டு இரவு தங்கியிருக்கிறார்கள். குழந்தை பாலக்கோட்டில் மாமியாரிடம். திரும்பி வந்த தாய்க்கு 102 டிகிரி காய்ச்சல், இடது மார்பு கல்லாகக் கட்டிச் சிவந்திருக்கிறது, முந்தானை பட்டாலே துடிக்கிறார். பக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுகிறது. யாரும் தாய் மடியில் போடவில்லை. "ரெண்டு நாள் தேங்குன பாலு டாக்டரம்மா, கெட்டுப் போயிருக்கும். பீய்ச்சிக் கொட்டிட்டு நாளைக்குத்தான் குடுக்கணும்" என்றார் மாமியார். அதுவரை பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பசும்பால்.

கிருஷ்ணகிரியில் குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது அலுத்துப்போன கதை. ஓசூர் தாண்டினால் பெங்களூர் என்பதால் சனி, ஞாயிறு போய்வருவது இங்கே சுலபம். போவதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் முழுத் தூக்கம் தூங்காத பெண் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரட்டும். "பச்சைக் குழந்தையை விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டா" என்று பேசும் உறவினர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் பேச்சுக்குப் பயந்துதான் இந்தப் பெண்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கிளம்புகிறார்கள், அப்புறம் காய்ச்சலோடு வந்து நிற்கிறார்கள்.

இப்போது அந்தக் கெட்டுப்போன பால் விஷயம். மார்புக்குள் இருக்கும் பால் கெடாது. இரண்டு மணி நேரமானாலும் கெடாது, இரண்டு நாளானாலும் கெடாது. மார்பு என்ன, பால் ஊற்றி வைக்கும் தூக்குச்சட்டியா? ரத்தம் ஓடும் உடம்பு அது. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் அந்தப் பாலிலேயே இருக்கின்றன. தாய் வெயிலில் நடந்து வந்தால் பால் சூடாகாது, ஏசி பஸ்ஸில் வந்தால் குளிராது, பிரியாணி சாப்பிட்டால் புளிக்காது. தாய்க்குக் காய்ச்சல் அடித்தாலும் அது நல்ல பால்தான். மார்பு கட்டி வீங்கிய பக்கத்திலும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அப்போது பாலில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், குழந்தை முகம் சுளிக்கலாம். அதைப் பார்த்து "பாரு, நான் சொன்னேன்ல" என்று முடிவு கட்டாதீர்கள். மாறியிருப்பது சுவை மட்டும்தான். இவ்வளவும் பொறுமையாகச் சொல்லி, எல்லோரும் தலையாட்டி முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போது பாட்டி மெதுவாகச் சொல்வார்: "எதுக்கும் ஒரு தடவை பீய்ச்சிக் கொட்டிடும்மா."

கொட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? அந்த நேரத்தில் குழந்தை வாயில் போவது பசும்பாலும் போர் தண்ணீரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-ல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. அதே தண்ணீரைத் தாய் குடித்தாலும் அவர் பாலில் இறங்குவது மிகச் சொற்பம். ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாக்கினால் ரத்தசோகை வரும். தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

சரி, போக வேண்டும். முதலில் கணக்குப் போடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி வேண்டும். கிளம்பும் நாள் காலையில் உட்கார்ந்து பீய்ச்சினால் அவ்வளவு வராது. தினமும் காலையில் குழந்தை குடித்து முடித்த பிறகு 50 மில்லி எடுத்து வைத்தால் இரண்டு வாரத்தில் 700 மில்லி. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான்; அதன் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் தாய்ப்பாலை வைக்க வேண்டாம். ஆக, சேர்க்க முடிவது சுமார் ஒரு நாள் பால். அப்படியானால் ஓர் இரவோடு திரும்பிவிடுங்கள், அல்லது குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் மேல் பால் தேவைப்பட்டால் என்ன கொடுப்பது என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேளுங்கள், பசும்பாலில் தண்ணீர் விடாதீர்கள். குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகவில்லையா? பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பீய்ச்சிய பால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு நாள் தாங்கும். கதவில் வைக்காதீர்கள். வெளியே, 25 டிகிரி வரை நான்கு மணி நேரம். நம் ஊர்க் கோடையில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே உள்ளே வையுங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உருகிய பாலை ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை வைத்தால் போதும்.

கொடுப்பது பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில். புட்டி வேண்டாம். பால் புட்டி, பால் பவுடர் விளம்பரத்தை 1992-ம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது, ஆனாலும் சீர்வரிசைத் தட்டில் புட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு வாரம் முன்பே பாலாடையில் கொடுத்துப் பழக்குங்கள், தாய் அல்ல, பாட்டியோ அப்பாவோ. தாய் வாசனை பக்கத்தில் இருந்தால் குழந்தை பாலாடையை ஏறெடுத்தும் பார்க்காது.

பெங்களூர் போனதும் மறந்துவிடாதீர்களம்மா. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் எடுத்தே ஆக வேண்டும், இரவிலும் ஒரு தடவை. கையைக் கழுவி, கருவட்டத்தின் ஓரத்தில் கட்டை விரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்குங்கள். காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டிய இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவுவதும் வேண்டாம், வீக்கம்தான் கூடும். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வழியிலும் எடுக்கலாம். 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

கணவர்களுக்கு: ரூம் போடும்போதே ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். டிராஃபிக்கில் மாட்டினால் நேரம் பார்ப்பது உங்கள் வேலை. இன்னொன்று. "பால் குடுக்குறப்ப மாசமாக மாட்டாங்க" என்பது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, மாதவிலக்கு வராத வரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வரைதான். குழந்தை வாயே வைக்காத இரண்டு நாளில் அதை நம்பிப் போகாதீர்கள்.

வீடு வந்ததும் முதல் வேலை குழந்தையை மடியில் போடுவது. எதையும் கொட்ட வேண்டாம். மார்பு கட்டி, சிவந்து, காய்ச்சல் ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். பால் கொடுக்கும் தாய் என்று சொன்னால் அதற்கேற்ற மாத்திரை தருவார்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு பாலை நிறுத்தினால் சீழ் வைத்துவிடும், அப்புறம் ஊசி வைத்து எடுக்கவோ கீறவோ வேண்டியிருக்கும். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பெட்டி கட்டிய பிறகு ஃபோன் செய்யாமல், மூன்று வாரம் முன்பே நேரில் வாருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டியையும் கூட்டி வாருங்கள். அவரிடம்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.